ஜெயமலர் தெரிந்தெடுத்த பலகைகள்

ஜெயமலர் ஒருநாளும் பனியில் சறுக்கியதில்லை. ஆனால் ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் தென்பக்கத்தில் இருக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் கீழ்த்தளத்தில், பதினேழு குளிர்காலமாகப் பனிச்சறுக்குப் பலகைகளின் விளிம்பைத் தீட்டி, அடிப்பக்கத்துக்கு மெழுகு பூசி, சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பிணைப்பைச் சறுக்குகிறவரின் நிறைக்கு அளவாக முடுக்கி வருகிறவள் அவள்தான். அரைகுறை வேலையோடு ஒரு பலகையும் அவள் மேசையை விட்டு இறங்கியதில்லை.

பதின்மூன்று வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் வந்திறங்கியவள். ஒரு சொல்லும் விளங்காத வகுப்பில் நான்கு வருடம் இருந்தாள். கணக்கில் மட்டும் நல்ல புள்ளி. மற்றதெல்லாம் ஆசிரியர்கள் இரங்கிப் போட்ட புள்ளி. அந்தச் சான்றிதழைப் பார்த்து எவரும் தொழிற்பயிற்சிக்கு எடுக்கவில்லை. வெதுப்பகத்தில் தட்டுக் கழுவினாள். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாள். இருபத்தேழாவது வயதில் இந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தாள், பிறகு எங்கும் போகவில்லை.

தம்பி கோகுல் அவர்கள் வந்த அடுத்த வருடம் இங்கேயே பிறந்தவன். அவனைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போனதும், பெற்றோர் கூட்டத்தில் போயிருந்து ஆசிரியர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து அம்மாவுக்குச் சொன்னதும் ஜெயமலர்தான். மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்தில் அவனுக்கு இடம் கிடைத்தபோது கேக் வாங்கிப் போய் வேலைத்தளத்தில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். அங்கேயே படித்து முடித்து, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலையும் பார்க்கிறான். "என் தம்பி அளக்கிறது மில்லிமீற்றரில் இல்லை, அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கில்" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் இருபதாவது தடவையும் தலையாட்டினார்கள்.

அவளிடம் கட்டம் போட்ட ஒரு கொப்பி இருந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு வகைப் பலகைக்கும் ஒரு பக்கம். இடதுபுறம் மூன்று எண்கள்: நீளம், நடுவில் ஒடுங்கும் இடையின் அகலம், வளைவின் ஆரம். இடையைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுத மாட்டாள். தானே அளவிடும் இடுக்கியை வைத்து அளப்பாள். இடை ஒடுங்கிய பலகை இறுகிய பனியில் சட்டென்று ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறும். அகன்றது புதுப்பனியில் மிதக்கும், ஆனால் இறுகிய பனியில் அதை விளிம்பில் சாய்க்க முழங்கால் கூடுதலாக முறுக வேண்டும். ஆரம் சிறிதென்றால் குறுகிய வட்டத்தில் திரும்பும், பெரிதென்றால் நீண்ட வளைவில் வேகமாக ஓடும். இவ்வளவும் எண்ணிலேயே தெரிந்துவிடும். எண்ணில் தெரியாதது கொப்பியின் வலதுபுறத்தில் இருந்தது.

அந்தப் பக்கம் பலகையைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் சொல்வதற்கானது. எந்த மலை, எப்படிப் பனி, எந்த வளைவில் கால் நடுங்கியது, அடுத்த நாள் எந்த முழங்கால் நொந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். சிலர் சிரிப்பார்கள். அனேகம் பேர் ஆசையாகச் சொல்வார்கள். திகதியோடு எழுதி வைப்பாள். சறுக்கத் தெரியாத அவளுக்கு அவர்களின் சொல்தான் கால்.

போன இலையுதிர் காலத்தில், குளிர்காலப் பிரிவுக்குப் பொறுப்பான ஹொல்கர் கீழே இறங்கி வந்து மேசையில் சாய்ந்து நின்றான்.

"மேலே சனிக்கிழமைகளில் ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. உன் கொப்பியைப் பார்த்தால் உன்னைத்தான் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது. ஆனால் மேலிடத்தில் ஒன்று கேட்கிறார்கள். சறுக்காதவள் எப்படிச் சொல்லுவாள் என்று."

"சறுக்குகிறவர் தன் காலைப் பற்றித்தானே சொல்லுவார்," என்றாள் ஜெயமலர். "நான் நானூறு பேரின் காலைப் பற்றிச் சொல்லுவேன்."

ஹொல்கர் சிரித்துவிட்டான். ஒரு குளிர்காலம் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஈஸ்டர் கழிந்ததும் நிரந்தரமாக எழுத்தில் தருவதா, திரும்பவும் கீழே அனுப்புவதா என்று சொல்வதாக இருந்தது. பதினேழு வருடத்தில் அவளை மேலே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தீபாவளிக்குத்தான் கோகுல் வீட்டுக்கு வந்து, இனி வாடகைப் பலகை வேண்டாம், சொந்தமாக ஒன்று எடுக்கப் போகிறேன் என்று சொன்னான். இரண்டு குளிர்காலம் ஆய்வுக்கூட நண்பர்களோடு சனிக்கிழமைகளில் மலைக்குப் போய்ப் பழகியிருந்தான். ஜெயமலருக்கு மனம் துள்ளியது.

"நீ ஒண்டும் எடுக்காத. அக்கா எடுத்துத் தாறன்."

"ஐயோ அக்கா, நீங்கள் ஏன் மினக்கெடுறியள்?"

"பேசாமல் இரு. எத்தனை கிலோ இப்ப?"

"எழுபத்தெட்டு."

"பொய் சொல்லாத, வயித்து வண்டி தெரியுது."

"எழுபத்தெட்டுத்தான் அக்கா! அது சுவெட்டர்."

உதைபந்தாட்டத்தில் அவனுக்கு இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதைத்தான் ஜெயமலர் முதலில் நினைத்தாள். மூன்று வாரம் கொப்பியைப் புரட்டி, வலதுபுறத்தில் முழங்கால் என்று எழுதியிருந்த பக்கங்களையெல்லாம் தாள் வைத்து அடையாளம் பண்ணினாள். கடைசியில் ஒரு சோடியில் வந்து நின்றாள்: நீளம் நூற்றறுபத்தெட்டு சென்ரிமீற்றர், இடை எழுபத்திரண்டு மில்லிமீற்றர், ஆரம் பதினான்கு மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும்.

அதைக் கொண்டுபோக அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டியிருந்தது. பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில் ஜெயமலர் பதினான்கேகால் மீற்றருக்குச் சற்றுக் குறைவான ஒரு கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து நடுவில் நிறுத்தினாள். மற்ற முனையில் சுண்ணக்கட்டியைப் பிடித்து, குனிந்தபடியே நிலத்தில் நீண்ட வளைவொன்று கீறினாள்.

"இதுதான் இந்தப் பலகை தன்ரபாட்டில திரும்ப விரும்புற வட்டம். நீ சாய்ஞ்சால் போதும், முறுக்கத் தேவையில்லை. இதிலை நடந்து பார்."

"ஆரும் பாத்தால் பேய் ஓட்டுறம் எண்டு நினைப்பினம் அக்கா."

"நட எண்டால் நட."

நடந்தான். கைகளை விரித்து, சறுக்குவது போல இடுப்பை ஆட்டிக் காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் சுண்ணக்கட்டி உடைந்தது.

பலகைப் பைக்குள் அவள் கடை ரசீதையும் வைத்தாள். பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் மாற்றலாம் என்று அதில் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மூத்தவர்கள் கொடுத்ததை மாற்றித் தாருங்கள் என்று எவரும் கேட்டதில்லை. அளவில்லாத சட்டையையும் அழகாயிருக்கிறது என்று சொல்லிப் போட்டுக்கொள்வார்கள், பிறகு அலுமாரிக்குள் வைப்பார்கள். ஜெயமலரும் அப்படி எத்தனையோ வைத்திருந்தாள். பலகைக்கும் அந்தப் பழக்கம் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

தை மாதம் கோகுல் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, சொன்னால் நம்பமாட்டியள். விடியவெள்ளனப் பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. விளிம்பு கத்தி மாதிரிப் பிடிச்சுது."

"முழங்கால்?"

"ஒரு நோவும் இல்லை."

"பின்னேரம்? பனி இளகினாப் பிறகு?"

"கொஞ்சம் புதையுது. ஆனால் சமாளிக்கலாம்."

கொஞ்சம் புதையுது என்று சொன்னதுதான் ஜெயமலருக்கு நன்றாகப் பிடித்தது. ஒடுங்கிய இடை இளகிய பனியில் புதையத்தான் செய்யும். வெறுமனே புகழாமல் குறையையும் சொல்கிறான் என்றால் உன்னிப்பாகக் கவனித்திருக்கிறான். கொப்பியின் வலதுபுறத்தில் அவ்வளவையும் எழுதினாள். அந்தக் குளிர்காலம் நான்கு முறை கூப்பிட்டான், நான்கும் எழுதப்பட்டன.

சனிக்கிழமைகளில் மேலே நின்றபோது அந்தப் பக்கம் அவளுக்குக் கைகொடுத்தது. முழங்கால் நோவோடு மூன்று பேர் வந்தார்கள்: லம்பெர்ஸ் என்ற ஓர் ஆசிரியை, ஒரு தபால்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர். மூவரும் கண்ணைக் கவரும் அகன்ற பலகைகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரிடமும் அவள் எண்களைச் சொன்னாள். எண்களுக்கு அவர்கள் அசையவில்லை. பிறகு, "என் தம்பிக்கும் சத்திரசிகிச்சை செய்த முழங்கால். இந்தக் குளிர்காலம் முழுக்க இதில்தான் சறுக்குகிறான்" என்றாள். மூவரும் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாசி முடிவில் ஹொல்கர் சொன்னான்: "வருகிறவர்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள். இனி எழுத்தில் போடுவதுதான் மிச்சம்."

பலகையைக் கோடைக்கு எடுத்து வைப்பதென்றால் துருவைத் துடைத்து, விளிம்பைத் தீட்டி, தடிப்பாக மெழுகு பூசி வைக்க வேண்டும். ஈஸ்டருக்கு வரும்போது கொண்டுவா என்று பங்குனி முழுவதும் ஜெயமலர் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயிலில் இடமில்லை என்றான். நண்பனின் நிலவறையில் கிடக்கிறது என்றான். பிறகு தானே மெழுகு பூசுவதாகச் சொன்னான்.

"நீ பூசினால் மெழுகுதிரி மாதிரி வரும். கொண்டு வா எண்டால் கொண்டு வா."

கொண்டுவந்தான். ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த மத்தியான நேரம், கீழ்த்தளப் படியில் பலகைப் பை முட்டி முட்டி இறங்கியது.

"இதே அக்கா உங்கட அரண்மனை?"

"மேசையில வை. சுவரிலை முட்டாமல்."

பையைத் திறந்தாள். அதே சிவப்பு, அதே வெள்ளைக் கோடு, அதே படம். விளிம்பில் விரலை ஓட்டினாள். இருந்த தேய்மானம் நாலைந்து நாள் சறுக்கியதற்கே காணாது. தம்பி சொன்ன கணக்குக்குப் பதினைந்து நாளாவது இருக்க வேண்டும். அவன் பாரமில்லாமல் சறுக்குகிறானாக்கும் என்று நினைத்தபடி பின்முனையைத் துடைத்தாள். அங்கே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: நீளம் 161, ஆரம் 13.0.

துணியை வைத்தாள். திரும்பத் துடைத்தாள். மற்றப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அதுவே. பிணைப்பின் முடுக்கத்தை எண்ணில் காட்டும் சின்னக் கண்ணாடிச் சாளரத்தைப் பார்த்தாள். அவள் ஆறுக்குக் கிட்ட வைத்துக் கொடுத்தது. அது நாலில் நின்றது.

"கோகுல், உன்ர பலகையின்ர இடை எவ்வளவு?"

"எழுபத்திரண்டு," என்றான் உடனே. பாடம் கேட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான். "நீங்கள் சொன்னது மறக்குமே?"

"ஆரம்?"

"பதினாலு இருபது."

"வாசி," என்று பின்முனையைக் காட்டினாள்.

குனிந்து வாசித்தான். எழும்பவில்லை. குனிந்தபடியே நின்றான்.

இந்த வகைப் பலகையில் இடை எல்லா நீளத்திலும் ஒன்றுதான். ஆரம் அப்படியில்லை. நீளம் ஏழு சென்ரிமீற்றர் குறைந்தால் வட்டமும் சுருங்கும். அதைத்தான் தரிப்பிடத்தில் கயிறு பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. படம் ஒன்றாயிருந்தால் பலகையும் ஒன்று என்று நினைத்து வாங்கியிருக்கிறான்.

"இது ஆற்றை பலகை?"

"மியூனிக்கில ஒரு பொம்பிளை வித்தவ. போன கிழமை வாங்கினனான்."

"நான் தந்தது?"

அவன் தொண்டையைச் செருமினான். "அக்கா, கோவிக்கக்கூடாது. முதல் நாள் கொண்டு போனோன்ன உதய் பாத்திட்டுச் சிரிச்சவன்."

உதய் அவனோடு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சென்னைப் பெடியன். ஜெயமலர் பெயரளவில் அறிவாள்.

"என்னெண்டு சிரிச்சவன்?"

"'ப்ரோ, இது கிட்ஸ் ஓட்றது. நைன்ட்டி எய்ட் இல்லாம மலைக்கு வராத' எண்டு. எல்லாரும் அதுதான் வைச்சிருக்கினம் அக்கா. நானும் இடை தொண்ணூற்றெட்டு வாங்கினன்."

"உதய் எத்தனை வருசம் சறுக்கிறான்?"

"ரெண்டு."

"தந்ததை என்ன செய்தனி?"

"வித்திட்டன். கார்த்திகையிலேயே."

"எப்பிடி எழுதி வித்தனி?"

"சும்மா எழுதினதுதான்..."

"காட்டு."

தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினான். பழைய பொருள் விற்கும் தளத்தில் அந்த அறிவித்தல் இன்னும் அவன் கணக்கில் கிடந்தது. ஜேர்மன் மொழியில் ஒரு பிழையுமில்லாமல் எழுதியிருந்தான். ஒருமுறையும் பாவிக்கவில்லை. புத்தம் புதிது. விபரம் தெரியாத உறவினர் ஒருவர் தவறாக வாங்கித் தந்தது.

ஜெயமலர் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். கைபேசியைக் கவனமாக மேசையில் வைத்தாள், விழுந்துவிடும் என்பது போல.

"அப்பிடி எழுதினால்தான் கெதியா வாங்குவினம் அக்கா. வேற ஒண்டுமில்லை."

"கத்தி மாதிரிப் பிடிச்சுது எண்டு சொன்னியே, அது?"

"அந்தப் பலகையைப் பற்றி மற்றாக்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு..."

"புதையுது எண்டது?"

"அதுவும்தான். நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு சொன்னனான்."

ஜெயமலர் இழுப்பறையிலிருந்து கொப்பியை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். வலதுபுறத்தில் நான்கு திகதிகள், அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், சாய்வில்லாத எழுத்தில்.

"நீ வித்ததை விடு. மற்றவன்ர சொல்லைக் கேட்டாய், அதையும் விடு. எனக்குச் சறுக்கத் தெரியாது. ஆக்கள் சொல்றதை வைச்சுத்தான் நான் இந்த வேலை செய்யிறன். நீ சொன்னதை நம்பி நான் மூண்டு பேருக்குச் சொன்னன். நோவுள்ள முழங்காலோட வந்த சனம். என்ர தம்பி சறுக்கிறான் எண்டு என்ர வாயால சொன்னன்."

கோகுல் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்கள் எழுதி வைப்பியள் எண்டு எனக்குத் தெரியாது அக்கா."

"பதினேழு வருசமா எழுதிறன். உனக்குத் தெரியாது."

அவள் அளவுகோலை வைத்து அந்த நான்கு குறிப்புகளின் குறுக்கேயும் கோடு கீறினாள். பிறகு வேலைத்தளத் தொலைபேசியை எடுத்தாள். தபால்காரர் எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் இன்னும் ஒருநாளும் அதில் சறுக்கவில்லை, அடுத்த குளிர்காலம்தான் என்றார். அவருக்கு விஷயத்தைச் சொல்லி, விரும்பினால் கொண்டுவந்து பேசலாம் என்றாள். லம்பெர்ஸ் ஆசிரியை எடுத்தார். ஜெயமலர் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: என் தம்பி அந்தப் பலகையில் சறுக்கவே இல்லை, நான் உங்களுக்குச் சொன்னது உண்மையல்ல.

அந்தப் பக்கம் சிரிப்பு. ஆசிரியை ஒரு கிழமை முழுவதும் சறுக்கியிருக்கிறார், முழங்கால் ஒருநாளும் முனகவில்லையாம். அப்படியானால் உங்கள் தம்பிக்குத்தான் நட்டம் என்றார்.

தொலைபேசி வழியே அது கோகுலுக்கும் கேட்டது. அவன் முகம் வெளித்தது.

"பாத்தியளே அக்கா! நீங்கள் சொன்னது சரியாத்தானே வந்திருக்கு."

"அது சரியெண்டு எனக்கு முதலே தெரியும்," என்றாள் ஜெயமலர். "நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமெண்டு நான் இருக்கேல்லை. நீ சொன்னால் பொய்யாயிராது எண்டுதான் இருந்தனான்."

ஹொல்கரைக் கூப்பிட்டாள். படியில் நின்றபடியே அவன் கேட்டான். கோடு கீறிய பக்கத்தைப் பார்த்தான், கோகுலைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான்.

"எவரும் முறைப்பாடு சொல்லவில்லையே. என்னிடம் ஏன் சொல்கிறாய்?"

"மேலே நின்று சொன்னேன். அதனால்தான்."

"மேலிடத்துக்கு இதை நான் சொல்லத்தான் வேண்டும்," என்றான். "செவ்வாய்க்கிழமை பேசுவோம்." ஏறிப்போனான். அவன் காலடி மெதுவாகவே கேட்டது.

"என்னால உங்கட இடம் போகுமே அக்கா?" கோகுலின் குரல் இறங்கியிருந்தது. "நான் போய்ச் சொல்றன். எல்லாம் என்ர பிழை எண்டு."

"நீ சொன்னால் ஆர் நம்பிறது?"

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவனைக் குத்தியிருக்க வேண்டும். பலகைப் பையை மெல்ல இழுத்துக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினான்.

"பையை விடு. பிணைப்பு நாலில நிக்குது. அது அந்தப் பொம்பிளையின்ர நிறைக்கு வைச்சது. இப்பிடி வெளியில விட ஏலாது."

மேசையில் புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் நிரப்புகிற படிவம். பெயர் எழுதினாள், பிறந்த திகதி எழுதினாள். அவை அவளுக்குக் கேட்காமலே தெரியும். பைக்குள் கிடந்த சறுக்குச் சப்பாத்தின் அடி நீளத்தைத் தானே அளந்து எழுதினாள்.

"நிறை?"

"எழுபத்தெட்டு."

பிணைப்பை முடுக்கும் அட்டவணையில் எழுபத்தெட்டு கிலோவோடு ஒரு வரிசை முடிகிறது. எழுபத்தொன்பதிலிருந்து அடுத்த வரிசை. ஜெயமலர் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. சுவரோரம் இருந்த தராசைக் காலால் முன்னே இழுத்துவிட்டாள்.

"ஏறு."

"அக்கா..."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறு."

கோகுல் சப்பாத்தைக் கழற்றினான். சுவெட்டரையும் கழற்றினான். ஏறி நின்றான். முள் ஆடி, எண்பத்துமூன்றில் நின்றது. அவள் குனிந்து, முள் முற்றாக ஓயும்வரை பார்த்திருந்து, அதையே எழுதினாள்.